கோடி முதலாளியின் ஜவுளிக்கடை

திருமழபாடியில் கொள்ளிடக் கரைப் படித்துறை நான் கட்டியது. வெள்ளம் இரண்டு தடவை வந்து முட்டிப் பார்த்துவிட்டு, இவனிடம் நமக்கு என்ன வேலை என்று திரும்பிப் போயிருக்கிறது. பெரம்பலூர்ச் சந்தைக்குச் சுற்றுச்சுவர் நான் கட்டியது. எறையூரில் ஆலை வந்தபோது கூலிக்காரர்களுக்கு வரிசையாக வீடு கட்டினார்களே, அதில் கிழக்கு வரிசை முழுக்க நான். மேற்கு வரிசையைக் கட்டியவர் பெரிய படிப்புப் படித்தவர். அது எங்கெங்கே ஒழுகுகிறது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதா கோயில் மூன்று, பள்ளிக்கூடம் ஏழு, கிணறுகளை நான் எண்ணி வைக்கவில்லை. இத்தனையும் மூன்றாம் வகுப்புப் பாதியில் ஆடு மேய்க்கப் போனவன் கட்டியது. என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு மண்வெட்டிகூடக் கிடையாது. அவர் பிடித்த மண்வெட்டி பண்ணை வீட்டு மண்வெட்டி.

இப்படிப்பட்ட என்னை, ஒரே சுவரை மூன்று தடவை இடித்துக் கட்ட வைத்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அரியலூர்க் கடைத்தெருவில் அவரைப் போல ஒரு கிறுக்கர் அதற்கு முன்னால் பிறந்ததில்லை. இன்னொருவரைப் பெற்றுத் தாங்க ஊருக்குத் தெம்பும் இல்லை. ஊர் அவரைக் கோடி முதலாளி என்றது.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, அங்கே பிழைக்கப் போனவர்கள் காடும் மலையுமாக நடந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். அவரும் அப்படி வந்தவர். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கஜக்கோலும். கஜக்கோல் என்றால் துணி அளக்கிற இரும்புக் கம்பி. நாடு விட்டு நாடு நடந்து வருகிறவன் அரிசி தூக்கி வருவான், நகை தூக்கி வருவான். இவர் அளவுகோலைத் தூக்கி வந்திருக்கிறார்.

"வர்ற வழியெல்லாம் அளந்துகிட்டே வந்தீங்களா?" என்று ஸ்டேஷன் வாசலில் குதிரைவண்டிக்காரன் கேட்டிருக்கிறான்.

"பாதி வரைக்கும் அளந்தேன். அதுக்கு மேல மனசு இல்ல" என்றாராம்.

வண்டிக்காரன் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கடைத்தெருவில் அவர் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. தாத்தா கட்டிய மாடிக் கட்டடம். பர்மாத் தேக்குத் தூண் எட்டு, ஒன்றரை முழக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர். அப்பா காலத்தில் வியாபாரம் நொடித்துக் கடையைப் பூட்டிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் பூட்டிக் கிடந்ததில் உள்ளே வௌவால், வெளியே சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று. கட்டடம் நிற்கலாமா விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தெருவில் புத்தி சொல்பவர்கள் எல்லாரும் ஒரே புத்தியைத்தான் சொன்னார்கள்: தூணைக் கழற்றி விற்றுவிடு, மீதியை இடித்து மனையை விற்றுவிடு, திருச்சியில் போய் நிம்மதியாக இரு. அவர் எல்லாருக்கும் தலையாட்டினார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள். மாதா கோயில் மதில் வேலையில் சுண்ணாம்பு அரைக்கவும் பூசவும் கற்றுக்கொண்டவன். பழைய சுவரைத் தூக்கி நிறுத்த இந்த வட்டாரத்தில் சின்னப்பனை விட்டால் ஆள் இல்லை என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். சொல்லச் சொல்லி ஆள் அனுப்பியது நான்தான்.

"இடிக்கவா, கட்டவா முதலாளி?" என்றேன்.

"இருக்கிறத இருக்கிற மாதிரியே நிக்க வைக்கணும் கொத்தனாரே."

"புதுசாவே கட்டிடலாமுங்களே. வேலை சீக்கிரம் முடியும்."

"புதுசு கட்ட ஊர்ல நூறு பேரு இருக்கான். பழச நிமுத்த நீ ஒருத்தன்தான்னு சொன்னாங்க. பொய்யா?"

நான் அனுப்பிய பேச்சு என் கழுத்திலேயே வந்து விழுந்தது. பொய் என்று எப்படிச் சொல்ல?

அரசங்கன்று பிளந்த சுவர் ஒன்றை மட்டும் அடியிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றி அரைப்போம். யுத்த நேரத்தில் வெல்லம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். தினம் காலையில் வந்து கலவையை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"இனிப்பு பத்தல கொத்தனாரே."

"அது சுண்ணாம்புங்க. நாக்கு வெந்துடும்."

"வெந்த நாக்குதான் சொல்லுது. வெல்லத் தண்ணியச் செவுரு குடிக்கல. நாலு பேரு குடிச்சிருக்காங்க."

எண்ணிக்கை சரி. நாலு பேரில் நானும் ஒருவன். முதல் தடவை சுவரை இடித்தது அதற்காக.

இரண்டாம் தடவை, துணிக்கட்டு அடுக்குவதற்காகச் சுவரில் விட்ட மாடம் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது. கஜக்கோலை வைத்து அளந்துவிட்டு, "பஸ்ல சீட்டு கெடைக்காதவன் மாதிரி துணி தலைய வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்" என்றார். இடித்தோம்.

மூன்றாம் தடவை நான் தூக்குக்குண்டு விட்டு, ஒரு நூல்கூடப் பிசகாமல் கட்டி முடித்து, பாராட்டு வாங்கக் கை கட்டி நின்றேன். அவர் முன்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், தெருவுக்குப் போய்த் திரும்பி நின்று பார்த்தார்.

"நேரா இருக்கு" என்றார்.

"நேராத்தானுங்க இருக்கணும்."

"மத்த மூணு செவுரும் கொஞ்சம் தெக்கால சாஞ்சிருக்கு பாரு. எங்க தாத்தா காலத்துலேருந்து ஒண்ண ஒண்ணு அண்டிக்கிட்டு நிக்குதுங்க. நடுவுல இது மட்டும் கோர்ட்டு டவாலி மாதிரி வெறச்சுக்கிட்டு நின்னா மத்ததுக்குச் சங்கடமா இருக்காது?"

சுவருக்குச் சங்கடம் பார்த்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். இடித்துவிட்டுச் சாய்த்துக் கட்டினேன். நேராகக் கட்டக் குண்டு நூல் இருந்தால் போதும். பக்கத்துச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவே சாய்த்து, விழாமலும் கட்டுவதற்குக் கை வேண்டும். அந்தக் கை இது.

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் உள்ளே நத்தையும் சிப்பியும் கல்லாகவே கிடக்கும். கடல் இருந்த இடம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அது காளவாயில் போட்டுச் சுடுகிற கல், அவ்வளவுதான். அவர் காளவாய்க்கே வந்து உட்கார்ந்துகொண்டு, நத்தை தெரிகிற கல்லையெல்லாம் பொறுக்கித் தனியாக வைப்பார்.

"இதச் சுட வேணாம்."

"எந்தக் காலத்துலயோ செத்ததுங்க முதலாளி."

ஒரு நத்தையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "வூட்டோடயே செத்திருக்கு பாரு. குடுத்து வச்சது."

காளவாய்க்காரர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "ஏன்யா, இவருக்கு எடுத்துச் சொல்ல வூட்டுல பொம்பள ஆளு யாரும் இல்லியா?"

"பர்மாவுல இருந்தாங்களாம். வரல" என்றேன்.

வரவில்லை என்றுதான் எனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சுவர் சாய்வதைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு. ஆள் சாய்வதைக் கண்டுபிடிக்கிற கண் அப்போது இல்லை.

கீழ்த்தளம் முடிந்தது. கடை தயார், துணிதான் இல்லை. யுத்தத்தில் துணிக்குக் கன்ட்ரோல் வந்துவிட்டது. லைசென்ஸ் உள்ள கடைதான் விற்கலாம், கார்டு உள்ளவர்தான் வாங்கலாம். சனங்கள் கோணிச் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் கடையைப் பெருக்கி, ஊதுவத்தி ஏற்றி, கஜக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வெறும் காற்றை அளக்க ஆரம்பித்தார்.

தெருக்காரர்களுக்குப் பொழுது போயிற்று. "எட்டு முழம் காத்து குடுங்க முதலாளி, மெல்லிசா" என்பான் ஒருவன்.

"கரை போட்டதா, போடாததா?"

"கரை போட்டதே குடுங்க. மாமியார் வூட்டுக்குப் போறேன்."

கம்பியில் வைத்து எட்டு முழம் அளப்பார். 'டர்ர்ர்' என்று வாயாலேயே கிழிப்பார். நாலாய் மடித்து இரண்டு கையாலும் நீட்டுவார். "நனச்சா ஒரு விரக்கட சுருங்கும். அதுக்கும் சேத்துத்தான் கிழிச்சிருக்கேன், பயப்படாதீங்க."

"ஏன் முதலாளி இப்படி?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"கை மறந்துடக் கூடாது கொத்தனாரே" என்றார்.

பிறகு லைசென்ஸ் கேட்கப் பெரம்பலூர் போனோம். துணிக் கன்ட்ரோல் பார்த்த அதிகாரி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சாட்சி சொல்ல முதலாளி என்னையும் கூட்டிப் போனார். பெட்ரோல் இல்லாத காலம், பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் பஸ் மூச்சு வாங்கும், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். டிக்கெட் வாங்கிக்கொண்டு பாதி வழி பஸ்ஸைத் தள்ளிப் போனவர்கள் நாங்கள். மற்றவர்கள் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். இவர் சந்தோஷமாகத் தள்ளினார். "வெறுங்கையோட நடக்கறதுதான் கஷ்டம் கொத்தனாரே. தள்றதுக்கு ஒண்ணு இருந்தா கால் தன்னால போவுது."

அதிகாரி வெளியூர்க்காரர். இங்கிலீஷ் நிறையப் படித்தவர். மனுவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த நேரத்துல புதுசா ஜவுளிக்கடை எதுக்கு?"

"கோடிக்குங்க."

"எதுக்கு?"

"கோடிக்குத்தாங்க. வேற ஆசை எதுவும் இல்லீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சனம் சாக்கைக் கட்டிக்கிட்டு அலையுது. உமக்குக் கோடி கேக்குதா?"

"ஆமாங்க. அதனாலதாங்க வேணும்."

"வெளியே போம்."

வாசலுக்கு வந்ததும் நான் பெரிய வியாபாரி மாதிரி அவருக்குப் புத்தி சொன்னேன். "என்னங்க முதலாளி, ஆயிரம் ரெண்டாயிரம்னு சொல்லியிருக்கலாம். எடுத்த எடுப்புல கோடின்னா ஆபீசருக்குத் திக்குன்னு இருக்காதா?"

அவர் நடையை நிறுத்தித் திரும்பினார். "உனக்குமா புரியல?" என்றார். அரியலூர் வரும் வழியில் மேட்டில் பஸ்ஸை மட்டும் தள்ளினார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளா? டீக்கடையில் உட்கார்ந்து, அதிகாரி மாதிரி ஒரு குரலும் முதலாளி மாதிரி ஒரு குரலுமாக அந்தப் பேச்சு முழுவதையும் நடித்துக் காட்டினேன். "காத்த வித்தே கோடி சேக்கப் போறாருங்க நம்ம கோடி முதலாளி" என்று முடித்தேன். டீக்கடையே அதிர்ந்தது. ஒரு வாரத்தில் அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் செத்துப்போய், நான் வைத்த பெயர் நின்றுவிட்டது.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "கோடி எங்கேருந்து வரும்? செவுத்துக்குள்ள பொதையல் இருக்கு. அதான் மூணு தடவ இடிச்சுப் பாத்திருக்கான்" என்று பேச்சுக் கிளம்பியது. என்னைக் கேட்டவர்களிடம் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அத நான் சொல்லக் கூடாதுங்க" என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் டீயோடு ஒரு வடையும் வரும். புதையல் பேச்சு நாலு வாய் மாறி, கோடி ரூபாய்த் துணியைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்று முடிந்தது. யாரோ ஒரு மொட்டைக் கடுதாசி போட்டார்கள். மாசியில் பெரம்பலூர் போய்வந்தோம். ஆடியில் ஒரு சந்தை நாளில், பட்டப்பகலில், அதே அதிகாரி ஒரு கான்ஸ்டேபிளோடு வந்து இறங்கினார்.

சந்தைக்கு வந்த சனம் மொத்தமும் கடை முன்னால் கூடிவிட்டது. கீழே தேடினார்கள், மாடியில் தேடினார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு கூடை இருந்தது. கவிழ்த்தார்கள், நத்தைக் கல் உருண்டது. சிரிப்புச் சத்தம். கடைசியில் அந்தத் தகரப் பெட்டி.

"அது சரக்கு இல்லீங்க" என்றார்.

"தொறங்க."

திறந்தார். உள்ளே ஒரே ஒரு துணி. நீலக் கட்டம் போட்ட கைலி. முழுக் கைலிகூட இல்லை, பாதி. ஓரம் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது.

"என்ன இது?"

"கைலிங்க."

"மீதி எங்கே?"

"மீதி அவ மேல கெடக்குதுங்க" என்றார்.

கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்று அவர் பேசவில்லை. கேட்டுவிட்டது. "எம் பொஞ்சாதிங்க. வர்ற வழியில, பாதி தூரத்துல, வாந்திபேதி கண்டு போயிட்டா. பொறந்த வூட்டுக் கோடி போட்டுத்தான் ஒரு பொம்பளைய எடுக்கணும். அவ பொறந்த வூடு செட்டிகுளம். நாங்க நின்னது காட்டுல. மூணு தலமுறையா ஜவுளி விக்கிற குடும்பமுங்க. கையில கஜக்கோல் இருக்கு, அளக்கறதுக்கு ஒரு முழம் துணி இல்ல. இடுப்புல இருந்ததக் கிழிச்சுப் பாதியப் போத்துனேன். பழசுங்க. வேர்வையில ஊறுனது."

பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே நின்றார். "கல்யாணத்துக்குப் பழசக் கட்டிக்கிட்டாக்கூடப் பொண்ணு பொண்ணுதானுங்க. போறவங்களுக்கு மறுபடியும் எடுத்துக் குடுக்க முடியாது. இந்த வட்டாரத்துல யாருக்கும் அப்படி ஆவ வேணாமுன்னுதான் கடை கேட்டேன்."

அதிகாரி கான்ஸ்டேபிள் பக்கம் திரும்பினார். "கோடின்னா என்னய்யா?"

"செத்தவங்களுக்குப் போத்துற புதுத் துணிங்க அய்யா."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேங்களே" என்றார் கோடி முதலாளி.

அதிகாரிக்கு அந்தச் சொல் தெரியாது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நான்? எங்கள் தெருவில் கோடி ரூபாய் என்ற பேச்சே கிடையாது. நூறு ரூபாயைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இல்லை. எங்களுக்குக் கோடி என்றால் சாவுத் துணி ஒன்றுதான். அது எங்கள் சொல். பக்கத்திலேயே நின்ற நான் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தால் மாசியிலேயே லைசென்ஸ் கிடைத்திருக்கும். முதலாளி வாயிலிருந்து வந்ததால் அது பணமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மாசிக்கும் ஆடிக்கும் நடுவில் எங்கள் பக்கத்தில் போனவர்களைப் பாயிலும் சாக்கிலும் சுற்றித்தான் புதைத்தோம். அந்தக் குழிகளில் நாலைந்து நானே வெட்டியது.

அடுத்த வாரம் லைசென்ஸ் வந்தது. கடைக்குக் கன்ட்ரோல் துணி வந்தது. வந்த முதல் துணிக்கட்டுகளில் ஒன்றை எடுத்து உச்சித் தட்டில் வைத்தார். அது கோடிக்கு. அதற்குக் கத்தரி வைக்க மாட்டார், கையாலேயே கிழிப்பார். ஒரு மிராசுதார் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்து, கீழே இருப்பதெல்லாம் பிடிக்காமல் அந்தக் கட்டைக் காட்டினார்.

"அந்த மேல்தட்டுத் துணிய எடுங்க."

"அது கோடிக்குன்னு ஒதுக்குனதுங்க. பரவால்ல, எடுத்துத் தரேன். வூட்டுல யாருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

மிராசுதார் செருப்பை மாட்டவும் மறந்து தெருவில் இறங்கினார். ஒரு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மறு வருஷம் ஐப்பசி. நான் மாடியில் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து ஆள் வந்து, அம்மா போய்விட்டாள் என்றான். கோடி கொண்டுவர வேண்டியவர் என் தாய்மாமன். அவர் கந்தலைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறாராம். எங்கள் ஊரில் சவப்பெட்டி ஒன்றுதான், கோயிலுக்குச் சொந்தம். கல்லறை வரை அதில் வைத்துச் சுமந்துபோய், உடலை மட்டும் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். மண்ணுக்குள் கூடப் போவது கோடித் துணி மட்டும்தான்.

சாரத்திலிருந்து இறங்கினேன். கடைக்குள்ளேயே வந்து, கடையைத் தாண்டி வெளியே போய், தெருவில் நின்றுகொண்டு கையைக் கட்டினேன். உள்ளே நாலைந்து பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளேருந்துதான இறங்கி வந்த? அப்புறம் ஏன் தெருவுல நிக்கிற?"

"வேலைக்குன்னா உள்ள வரலாமுங்க. துணி வாங்கணுமுன்னா எங்காளுங்க தெருவுலதானுங்க நிக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. உச்சித் தட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே, "உள்ள வா" என்றார். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து போனார். "போறவங்க போவட்டும். நீ வா."

போனேன். என் கை கட்டிய சுவருக்குள் முதல் தடவையாகத் துணி வாங்குகிறவனாக நின்றேன். அளந்தார். ஒரு முழம் கூடுதலாக விட்டார். ஒரு காலத்தில் வாயால் கிழித்துக்கொண்டிருந்த மனிதர் கையால் கிழித்தார்; அந்தச் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேங்க" என்றேன்.

கோடி வாங்குகிறவன் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் சாவு திரும்பி வரும் என்பார்கள். கடையில் இருந்தவர்கள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். 

"வா, வா" என்றார் அவர். "மாடிச் செவுரு பாக்கி கெடக்கு. வராம எங்க போவ?"

அம்மா புதுத் துணியோடு போனாள். அந்த வருஷம் எங்கள் தெருவில் அப்படிப் போனவள் அவள்தான் முதல்.

சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம் அவர் போனார். மூன்று நாள் காய்ச்சல். நான் தெருவில் நின்றிருந்தேன். செட்டிகுளத்திலிருந்து அவர் மச்சான் வந்திருந்தார், மனைவியின் அண்ணன். உறவுக்காரர்கள் புதுத்துணி போட்டு முடிந்ததும் அந்த மச்சான் வெளியே வந்து, "சின்னப்பன் கொத்தனாரு யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"உள்ள வாங்க. புதுசெல்லாம் நாங்க போடணுமாம். பழச நீங்கதான் போடணுமுன்னு சொல்லி வச்சிருக்காரு."

தகரப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். அந்தப் பாதிக் கைலியை எடுத்து, கோடிகளுக்கெல்லாம் மேலே, அவர் நெஞ்சில் விரித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. சரி செய்ய ஒன்றுமில்லை என்று கையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஏன் இதைப் பத்திரிகைத் தம்பியிடம் சொல்லி எழுத வைக்கிறேன் என்றால், அந்த மச்சானின் பேரன் இந்த வருஷம் கடையைப் புதுப்பித்து மறுபடியும் ஜவுளி வியாபாரம் தொடங்கியிருக்கிறார். நல்ல பிள்ளை. தேக்குத் தூணை மெருகேற்றியிருக்கிறார், சுவரை இடிக்கவில்லை. வந்த இன்ஜினியர் என் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் யாரும் கை வைக்காதீர்கள் என்றாராம். அந்த மட்டும் படித்திருக்கிறார். வாசலில் பளபளவென்று ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்ஜினியர் பெயர் இருக்கிறது. திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. கடையை மீட்டெடுத்தவர் என்று மேலே ஒரு நீளமான பெயர் இருக்கிறது; கோடி முதலாளியைப் பெற்றவர்கள் வைத்ததாம். அந்தப் பெயரில் ஒருவரை எனக்குத் தெரியாது; இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஆகவே தம்பி, இந்தப் பத்திரிகை மூலமாகக் கேட்கிறேன். கல்லில் இன்னும் இடம் இருக்கிறது, சாண் போட்டு அளந்துவிட்டேன். அந்த நீளப் பெயருக்குப் பக்கத்தில் 'கோடி முதலாளி' என்று வெட்டச் சொல்லுங்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். வைத்தவன் இன்னான் என்று சேர்த்து வெட்டினாலும் எனக்கு மறுப்பில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்து 'சுவர் வேலை: ஏலாக்குறிச்சி சின்னப்பன்' என்று வெட்ட வேண்டும். இதை நான் தயவாகக் கேட்கவில்லை, நியாயமாகக் கேட்கிறேன். ஆனால் என் பெயரை அவர் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டாம். கீழே போடுங்கள். அவர் பாரம் எனக்குப் பழக்கம்.